கொத்தமல்லி அளவு ஒரு குமிழ்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில், முன்னாள் மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் எங்களிடம் கேட்டிருந்த தலைப்பு "பெண்களும் ஆரோக்கியமும்". ஓம் என்று சொல்லி, நீரிழிவு, பிரஷர், எலும்புத் தேய்வு என்று நாலு பக்கம் எழுதியும் வைத்திருந்தோம். அதற்குள் கனடாவிலிருந்து ஒரு சின்னப் பொதி வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்த நாலு பக்கத்தையும் வாசிக்க மனம் வரவில்லை. சீனியையும் பிரஷரையும் பற்றித் தேநீர் இடைவேளையில் கேளுங்கள், சொல்லுவோம். இப்போது சொல்லப்போவது ஒரு மணிக்கூட்டின் கதை. இதில் "நான்" என்ற சொல் வராது. "நாங்கள்" என்றுதான் வரும். 1993ஆம் ஆண்டிலிருந்து எங்கள் வகுப்பில் அப்படி ஒரு ஏற்பாடு. காரணம் போகப் போகத் தெரியும்.

எங்கள் கணித ரீச்சரை இங்கே பலருக்குத் தெரியும். வெள்ளைச் சேலை, குடை, இடது கையில் ஒரு சின்னக் கைமணிக்கூடு. யப்பானில் செய்தது, சாவி கொடுக்கிற ரகம், டயல் ஒரு ரூபாய்க் குற்றியிலும் சின்னன். முதற் சம்பளத்தில் வாங்கியது என்று சொல்லுவா. ஊர்காவற்றுறையில் இருந்த காலத்தில் காரைநகருக்குப் போகும் பாதைக்கு நேரமாகிவிட்டதா என்று அந்த மணிக்கூட்டைப் பார்த்துத்தான் அயலட்டம் முழுக்கக் கேட்கும். 1990, 91ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதிச் சனம் உடுத்த உடுப்போடு பண்ணைப் பாலம் தாண்டி வந்தபோது ரீச்சரிடம் மிஞ்சியதும் அதுதான்.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு பாடசாலையின் கட்டடத்தில் பின்னேரம் எங்கள் பாடசாலை நடந்தது. அவர்கள் மத்தியானம் விட்டுப் போக, நாங்கள் உள்ளே போவோம். மின்சாரம் 1990இலேயே நின்றுவிட்டது. பொருளாதாரத் தடையில் பற்றறி வராது. பெற்றோல், சவர்க்காரம், மெழுகுதிரி என்று நீண்ட பட்டியல் அது. மூத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. (பாருங்கள், "நான்" வந்துவிட்டது. மன்னிக்கவும்.) சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். கையில் இருந்த பற்றறி மணிக்கூடுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. கட்டி அழகு பார்க்கலாம், நேரம் பார்க்க முடியாது. அதுவரை "பழைய சாமான்" என்று லாச்சிக்குள் போட்டிருந்த சாவி மணிக்கூடுகளுக்கு அப்போதுதான் மறுபடி மவுசு வந்தது. அப்பாமாரும் அப்பப்பாமாரும் அவற்றை எடுத்துத் துடைத்துக் கட்டினார்கள்.

ஆகவே பின்னேரப் பாடசாலையின் மணி ரீச்சரின் கையில் இருந்தது. நாற்பது நிமிடம் முடிந்ததும் ரீச்சர் தலையசைக்க, ஒருத்தி ஓடிப்போய்த் தண்டவாளத் துண்டில் அடிப்பாள். பரீட்சை நாட்களில் மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைப்பா. அதற்குச் சாவி கொடுப்பது எங்கள் வகுப்பின் கடமை. தரம் 9. ஒரு நாளைக்கு ஒருத்தி, பெயர்ப் பட்டியல்படி. இருபது, இருபத்தைந்து தரம் முறுக்க வேண்டும், இறுக்கம் தெரிந்தவுடன் விட வேண்டும். ஒரு தரம் முழுதாக முறுக்கினால் ஒன்றரை நாள்போல ஓடும். எங்களுக்கு அது பெரிய பதவி. சுகாதாரப் பாடத்தில் நாடி பிடிக்கக் கற்றதும் அந்த மணிக்கூட்டின் நொடிமுள்ளைப் பார்த்துத்தான். ஒருத்தியின் மணிக்கட்டை மற்றவள் பிடிக்க, ரீச்சர் "தொடங்கு" என்பா. பதினைந்து செக்கனுக்கு எண்ணி நாலால் பெருக்குவது. பெருக்கலும் பழகும், நாடியும் பழகும் என்பது கணித ரீச்சரின் கணக்கு.

பிறகு வைத்திய பீடத்தில் ஒரு விரிவுரையில், 1707இல் சேர் ஜோன் ஃப்ளோயர் என்ற ஆங்கில வைத்தியர் நாடி எண்ணுவதற்கென்றே நொடி காட்டும் மணிக்கூடு ஒன்றைச் செய்வித்து அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார் என்று சொன்னார்கள். அதற்கு முன் நாடியை "வேகம், மந்தம்" என்று சொன்னார்களே தவிர, நிமிடத்துக்கு இத்தனை என்று எண்ணுவது வழக்கத்தில் இல்லை. அன்று எங்களுக்கு நினைவில் வந்தது ஃப்ளோயர் அல்ல, தண்டவாளத் துண்டும் பின்னேர வெயிலும்.

இனி விஷயத்துக்கு வருவோம். 1993இல், இரண்டாந் தவணைப் பரீட்சைக்கு முதல் கிழமை. அன்றைக்கு முறைக்காரி மணிக்கூட்டை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனாள். சாவி கொடுக்கும்போது முன்னுக்கும் பின்னுக்குமாகத் திருப்புவது எங்களில் சிலருக்குப் பழக்கம். பின்னுக்குத் திருப்பும்போது "கிரிக் கிரிக்" என்று ஒரு சுகமான சத்தம் வரும். அதற்காகவே திருப்புவோம். பின்னால்தான் அறிந்தோம்: அந்தக் குமிழ் உள்ளேயிருந்து வரும் ஒரு மெல்லிய தண்டின் நுனியில் புரியால் பூட்டப்பட்டிருக்கிறது. முன்னுக்கு முறுக்கினால் புரி இறுகும், பின்னுக்கு முறுக்கினால் நெகிழும். பல காலம் நெகிழ்ந்து நெகிழ்ந்து, அன்று குமிழ் விரலோடு வந்துவிட்டது. வந்தது பரவாயில்லை, விரலில் நிற்கவில்லை.

கொத்தமல்லி விதை அளவு. மண்ணில் விழுந்தது. முதலில் ஒருத்தி குனிந்து தேடினாள், பிறகு மூன்று பேர், பிறகு வகுப்பு முழுக்க. பக்கத்து வீட்டில் அரிதட்டு வாங்கி வந்து மண்ணை அரித்தோம். வேப்பங்கொட்டை கிடைத்தது, ஒரு சட்டைப் பொத்தான் கிடைத்தது, சன்னத்தின் கோது ஒன்று கிடைத்தது. குமிழ் கிடைக்கவில்லை. மணி அடிக்க நேரம் வந்தது. மணிக்கூட்டை, குமிழ் இல்லாத பக்கம் புத்தகத்தோடு அணைய, மேசையில் வைத்துவிட்டு வந்து இருந்தோம். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

மணிக்கூடு தன் பாட்டில் ஓடியது. அடுத்த நாள் பின்னேரமும் ஓடியது. முதல் நாள் கொடுத்த சாவியில் மிச்சம் இருந்திருக்கிறது. மூன்றாம் பாடத்தின் நடுவில் நின்றது. ரீச்சர் கையைத் தூக்கிக் காதில் வைத்தா. பிறகு விரலால் குமிழைத் தேடினா. அந்த விரல் வெறும் இடத்தில் தடவியது இன்றைக்கும் எங்கள் கண்ணில் நிற்கிறது. எங்களைப் பார்த்தா. "ஆர்?" என்று கேட்கவில்லை. "சரி, இண்டைக்கு நிழலைப் பாத்து மணி அடிப்பம்" என்றா. யன்னல் கம்பியின் நிழல் எந்தக் கல்லில் விழுகிறது என்று பார்த்துத்தான் அந்தப் பரீட்சைக் கிழமை நடந்தது. ஒரு வினாத்தாளுக்கு ஐந்து நிமிடம் குறைந்திருக்கும், இன்னொன்றுக்குப் பத்து நிமிடம் கூடியிருக்கும்.

அன்று பின்னேரம் வேப்பமரத்தடியில் இரண்டு தீர்மானம் எடுத்தோம். ஒன்று, இது ஒருத்தியின் பிழை அல்ல, "நாங்கள்" என்றே சொல்வது. இரண்டு, எப்படியாவது பூட்டிக் கொடுப்பது. இரண்டாவதை முதலில் செய்துவிட்டு முதலாவதை ரீச்சரிடம் சொல்லலாம் என்று நினைத்தோம்.

திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு ஐயா மணிக்கூடு திருத்திக்கொண்டிருந்தார். கடை இல்லை. கண்ணாடிப் பெட்டி ஒன்று, ஸ்ரூல் ஒன்று, மேலே ஒரு தென்னோலைப் பந்தல். வெயில் இருக்கும் மட்டும்தான் வேலை. "ரீச்சர் திருத்தத் தரச் சொன்னவ" என்று பொய் சொல்லி மணிக்கூட்டை வாங்கிப்போய் நீட்டினோம். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "தண்டு கிடக்கு பிள்ளையள், கிரவுண் மட்டும்தான் போட்டுது. நல்ல காலம்" என்றார். கொழும்பிலிருந்து உதிரிப்பாகம் வருமா என்று கேட்டோம். சிரித்தார். பிறகு பெட்டியின் கீழ்த்தட்டை இழுத்தார்.

உள்ளே முழுக்கச் செத்த பற்றறி மணிக்கூடுகள். முப்பது நாற்பது இருக்கும். ஓடாதவை என்று சனம் கொண்டுவந்து விட்டுப்போனவை. "இதுகளுக்கு நேரம் வைக்கத்தானே குமிழ் இருக்கு. இதுகள் ஓடாது. ஓடுறதுக்குக் குடுக்கட்டும்" என்றார். சாவணத்தால் ஒவ்வொரு குமிழாகக் கழற்றி ரீச்சரின் மணிக்கூட்டுத் தண்டில் வைத்துப் பார்த்தார். தண்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. புரி பொருந்தினால் குமிழின் அடிக்குழி பெட்டியின் குழாயில் முட்டும். குழி பொருந்தினால் புரி வழுக்கும். ஏழாவதோ எட்டாவதோ சரிவந்தது. ஆனால் அது ஆம்பிளையளின் மணிக்கூட்டுக் குமிழ். சின்ன மணிக்கூட்டின் விலாவில் ஒரு பெரிய பொத்தான் தைத்ததுபோல நின்றது. தேய்ந்த புரியில் பிடிக்க, துளி பசையும் விட்டார். காசு வாங்கவில்லை. "தீவுப் பிள்ளையளோ? புழுக்கொடியல் கிடைச்சால் கொண்டுவாங்கோ" என்றார். ஒருத்தியின் அம்மா ஒரு பை கொடுத்துவிட்டா.

ரீச்சர் வாங்கிப் பார்த்தா. பெரிய குமிழை உருட்டினா. "இது ஆற்றை மணிக்கூட்டில இருந்தது?" என்று மட்டும் கேட்டா. செத்த மணிக்கூட்டில் இருந்து என்றோம். முள்ளை இழுத்து நேரம் வைத்து, அன்றைய முறைக்காரியிடம் நீட்டி, "முன்னுக்கு மட்டும் திருப்பு பிள்ளை" என்றா. அவ்வளவுதான். மற்றதைச் சொல்லுவோம் என்று நாங்கள் நினைத்திருந்த நேரம் அந்தக் கணத்தில் கடந்து போயிற்று. பிறகு சொல்ல நாள் பார்த்தோம். அந்தக் குமிழ் ரீச்சரின் புறங்கையில் உரசி ஒரு வட்டத் தழும்பு வந்ததைப் பார்த்துப் பார்த்து, நாள் தள்ளிக்கொண்டே போனது.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தது. செம்மணி வெளியில் மழைக்குள் ரீச்சர் கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நடந்ததை எங்களில் இருவர் கண்டார்கள். திரும்பி வந்தபோது இன்னொரு கூத்து. 1996 மே மாதம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள். வன்னியில் மாற்றவேயில்லை. கோயிலுக்குப் பழைய நேரம், கந்தோருக்குப் புதிய நேரம். ஒரு பிள்ளை பிறந்தால் சாதகத்துக்கு எந்த நேரம் என்று மருத்துவமாது இரண்டையும் எழுதவேண்டி வந்தது. பத்து வருடம் அப்படி இருந்து, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பி வந்தது. ஒவ்வொரு தரமும் ரீச்சர் அந்தப் பெரிய குமிழை இழுத்துத்தான் முள்ளைத் திருப்பியிருப்பா.

நாங்கள் சிதறினோம். சிலர் ரொறன்ரோ, சிலர் லண்டன், ஒருத்தி மெல்பேண், இரண்டு பேர் இன்று உயிரோடு இல்லை. வைத்தியரானவர் நெடுந்தீவு வைத்தியசாலையில் கொஞ்சக் காலம் வேலை செய்தார். குறிகட்டுவானிலிருந்து கடல் நன்றாக இருந்தால் ஒரு மணித்தியாலப் படகு. கடல் பிழைத்தால் நோயாளியும் நாங்களும் கரையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அங்கே சேலைன் ஏற்றும்போது மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு துளி எண்ணுவோம். இருபது துளிக்கு ஒரு மில்லிலீற்றர். ஒரு லீற்றரை எட்டு மணித்தியாலத்தில் ஏற்ற, நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு துளி. ஒரு இரவு, கைக்குழந்தை ஒன்றுக்குத் துளி எண்ணிக்கொண்டிருந்தபோது எங்கள் கைமணிக்கூட்டின் பற்றறி முடிந்து நொடிமுள் நின்று துடித்தது. தாதியின் மணிக்கூட்டை வாங்கி எண்ணினோம். அந்தப் பிள்ளை இப்போது பாடசாலைக்குப் போகிறது. அன்று விடிய, ரீச்சருக்கு எழுதவேண்டும் என்று நினைத்தோம். எழுதவில்லை. அடுத்த லீவுக்குப் போய் நேரில் சொல்லலாம் என்று இருந்தோம். பிறகு ரீச்சர் மகனோடு கனடாவுக்குப் போய்விட்டா. போன வருடம் அங்கேயே காலமானா.

நூற்றாண்டு ஞாபகார்த்த அறைக்கு ஏதாவது தரமுடியுமா என்று மகனிடம் கேட்டபோது அவர் அனுப்பிய பொதிதான் தொடக்கத்தில் சொன்னது. பஞ்சுக்குள் சுற்றிய மணிக்கூடு. குமிழ் இல்லை! பொதியை உதறினோம், பஞ்சைப் பிய்த்தோம். அவர் தன் வீட்டில் லாச்சி, கட்டிலடி, விரிப்பு எல்லாம் பார்த்தார். இல்லை. ஒரே மணிக்கூட்டின் ஒரே குமிழை இரண்டாம் தரமும் தேடிய வகுப்பு உலகத்தில் வேறு இருக்குமோ தெரியாது.

யாழ்ப்பாண நகரில் ஒரு தம்பியிடம் கொண்டுபோனோம். பின்மூடியைத் திறந்தவுடன், "தீவு மணிக்கூடோ அக்கா?" என்றார். உள்ளே உப்புத் துரு. குமிழ் இல்லாத துவாரத்தால் காற்றும் ஈரமும் போக, தண்டு செங்கபில நிறமாகியிருந்தது. பலன்ஸ் சில்லும் வில்லும் தப்பியிருந்தன. செய்யவேண்டியதைச் சொன்னார்: மெஷினின் இலக்கத்தைப் பார்த்து அதற்குரிய புதுத் தண்டு எடுக்க வேண்டும். தண்டு நீளமாகத்தான் வரும். குமிழை முழுதாகப் பூட்டி, உள்ளே தள்ளி, வெளியே எவ்வளவு நீட்டி நிற்கிறது என்று அளந்து, அவ்வளவையும் வெட்டி அரத்தால் ராவ வேண்டும். கூட வெட்டினால் குமிழ் பெட்டியில் முட்டிச் சாவி ஏறாது. குறைய வெட்டினால் இடைவெளியால் மறுபடி ஈரம் போகும். ஆகவே வெட்டுவதற்கு முதல் எந்தக் குமிழ் என்று முடிவு செய்யுங்கள் என்றார்.

அங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ரொறன்ரோவில் இருப்பவள் பழைய உதிரிப்பாகம் விற்கும் ஒருவரிடம் அதே மணிக்கூட்டின் அசல் குமிழை, கொம்பனிப் பைக்கற் உடைக்காதபடி, தேடி எடுத்துவிட்டாள். "ரீச்சர் முதற் சம்பளத்தில வாங்கினது எப்பிடி இருந்ததோ அப்பிடி இருக்க வேணும்" என்பது அவள் பக்கம். எங்களில் மற்றப் பாதிக்கு அந்தப் பெரிய குமிழ் இல்லாமல் அது ரீச்சரின் மணிக்கூடாகவே தெரியவில்லை. ஒருத்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கப்போவதற்கு என்னத்துக்குக் குமிழ், வெறும் துவாரமே சாட்சி என்று எழுதினாள். அதை ஒருவரும் ஏற்கவில்லை. ஓடாத மணிக்கூட்டை வைத்து மாலை போடுவது அந்த ரீச்சருக்குச் செய்கிற மரியாதை இல்லை.

எங்களிடமும் அபிப்பிராயம் கேட்டார்கள். வைத்தியர் என்றால் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும் என்று சனம் நினைக்கிறது. நாங்கள் கண்புரை நோயாளிகளைத்தான் நினைத்தோம். 1949இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாக மனிதக் கண்ணுக்குள் செயற்கை வில்லை வைத்தார். போர் விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கண்ணாடியின் பிளாஸ்ரிக் சிராய்கள் போயும் கண் பழுதாகாமல் இருந்ததைக் கண்டு, அதே வகைப் பொருளில் செய்தார். புரையை எடுத்தால் போதும், இழந்த வில்லைக்கு மாற்று வைப்பது தேவையில்லாத வேலை என்று பல வருடம் அவரை எதிர்த்தார்கள். இன்றைக்கு நயினாதீவு ஆச்சி ஒருவர் அந்த வில்லையோடு ஊசிக்கு நூல் கோக்கிறார். அது அவர் பிறந்தபோது இருந்த வில்லையா என்று யாரும் கேட்பதில்லை. இதைச் சொன்னபோது ரொறன்ரோக்காரி, "அப்ப அசலைப் போட்டாலும் பிழையில்லைத்தானே" என்று திருப்பி அடித்தாள். அவள் அந்தக் காலத்திலேயே விவாதப் போட்டியில் முதலிடம்.

முடிவைத் தந்தவர் ரீச்சரின் மகன். தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அக்கா, அந்தக் குமிழ் அம்மாவின்ரை கையைக் காயப்படுத்துது எண்டு நான் எத்தினையோ தரம் கேட்டனான், மாத்தித் தாறன் எண்டு. அம்மா விடேல்லை. 'அது பிள்ளையள் தேடிப் போட்டுத் தந்தது. துலைச்சதைச் சொல்லப் பயந்து, பாவம் ஒரு கிழமை சாப்பிடாமத் திரிஞ்சதுகள்' எண்டு சொல்லுவா."

அதற்குப் பிறகு வாக்கெடுப்பு நடக்கவில்லை. அந்தத் தம்பியிடம் போய், செத்த பற்றறி மணிக்கூடு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டோம். "எறியிறதுக்கு ஒரு பெட்டி நிறைய வைச்சிருக்கிறன் அக்கா, என்னத்துக்கு?" என்றார். ஆம்பிளையளின் மணிக்கூட்டுக் குமிழ் ஒன்று ஆறாந் தரத்தில் பொருந்தியது. புதுத் தண்டு, புதுப் புரி, ஆகவே இம்முறை பசை தேவைப்படவில்லை. ரொறன்ரோவில் இருந்து வந்த அசல் குமிழ், பைக்கற் உடைக்காமல், மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது அவளின் பங்கு.

ரீச்சரிடம் சொல்லவேண்டியதை அவருடைய பாடசாலையில், அவருடைய பிள்ளைகள் முன்னால் இன்று சொல்லியாகிவிட்டது. அந்தக் குமிழைத் துலைத்தது நாங்கள். பின்னுக்குத் திருப்பிய விரல் யாருடையது என்று பின்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்ப்பது இங்கேயிருந்து தெரிகிறது. சபையைத் தேடவேண்டாம். அந்தக் கை இப்போது இந்த ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதிபரோடு பேசி ஒரு ஒழுங்கு செய்திருக்கிறோம். ஞாபகார்த்த அறையின் திறப்பு கந்தோரில் இருக்கும். தரம் 9 பிள்ளைகள், பெயர்ப் பட்டியல்படி, ஒவ்வொரு நாளும் காலை மணி அடிக்க முதல் ஒருத்தி வந்து சாவி கொடுக்க வேண்டும். இருபது தரம், முன்னுக்கு மட்டும். சனி, ஞாயிறு காவலாளி ஐயா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு நாளைக்கு நாலு நிமிடம் பிந்துகிறது. நல்லூர்த் திருவிழா முடிய ஒருக்கால் கொண்டுவாங்கோ, சரிசெய்து தாறன் என்று அந்தத் தம்பி சொல்லியிருக்கிறார். அதுவரை பிள்ளைகள் கந்தோர் மணிக்கூட்டைப் பார்த்தே மணி அடியுங்கள்.